எந்த மென்பொருள் என்பதற்கு முன், கணக்கு யார் பெயரில்?

தனியாக வசிக்கும் முதியோரை வீடு தேடிச் சென்று பார்த்துவரும் சிறிய தொண்டு அமைப்பு ஒன்றின் செயலாளர் நீண்ட கடிதம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். அமைப்பை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அந்த அமைப்பில் ஊதியம் பெறுவோர் 3 பேர், தன்னார்வலர்கள் ஏறத்தாழ 40 பேர். அவர்கள் கவனித்துக்கொள்ளும் முதியோர் 110 பேர். நன்கொடையாளர்கள் 600 பேர். முதியோரின் முகவரி, உட்கொள்ளும் மருந்துகள், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உறவினர் ஆகிய விவரங்கள் ஒரு கூகுள் ஷீட்டில் இருக்கின்றன. அதை உருவாக்கிய தன்னார்வலர் அமைப்பைவிட்டு விலகிப் பல மாதங்கள் ஆகின்றன. ஷீட் இன்னும் அவருடைய சொந்த ஜிமெயில் கணக்கில்தான் இருக்கிறது. நன்கொடையாளர் பட்டியல் பொருளாளரின் மடிக்கணினியில், பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவிலும் பாதி இன்று பொதுவாக வழங்கும் யூனிகோடிலும் தட்டச்சு செய்யப்பட்ட எக்செல் கோப்பாக இருக்கிறது. மற்றபடி, வருகை நேரம் ஒதுக்குவது முதல் ஒருவரின் உடல்நிலை மோசமானால் தெரிவிப்பது வரை எல்லாம் வாட்ஸ்ஆப் குழுக்களில் நடக்கிறது.

இதை ஒழுங்குபடுத்த நிர்வாகக் குழு விரும்புகிறது. தலைவர், கட்டணம் கட்டிப் பெரிய நன்கொடையாளர் மேலாண்மை மென்பொருள் ஒன்றை வாங்கலாம் என்கிறார். காசு கொடுத்து வாங்கினால்தான் பாதுகாப்பு என்பது அவர் கருத்து. மென்பொருள் பொறியாளரான இளம் தன்னார்வலர் ஒருவர், தேவைக்கேற்ற செயலியைத் தானே இலவசமாக எழுதித் தருவதாகச் சொல்கிறார். இன்னோர் உறுப்பினர், யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவி இயக்குவதே தொண்டு அமைப்புக்குப் பொருத்தம் என்கிறார். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட வேண்டும் என்று செயலாளர் நினைக்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது, அந்த இளைஞரின் மனம் நோகாமல் எப்படி முடிவைச் சொல்வது என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

மூன்றில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆண்டுக்கு மூன்றுமே வேண்டாம் என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்வதற்கு முன், உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் சொல்லிச் சென்ற ஒரு செய்தியைப் பேசியாக வேண்டும். மென்பொருள் தேர்வு ஆறு மாதம் காத்திருக்கலாம். இது காத்திருக்கக் கூடாது.

இன்றே செய்ய வேண்டியது

உங்கள் ஷீட்டில் "தனியாக இருக்கிறாரா" என்று ஒரு நெடுவரிசையும் "மாற்றுச் சாவி யாரிடம்" என்று ஒரு நெடுவரிசையும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். புதிய தன்னார்வலருக்கு வாட்ஸ்ஆப்பில் இணைப்பை அனுப்பினால் போதும், அவர் கணக்கு எதுவும் இல்லாமலே திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்பதையும் ஒரு வசதியாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அந்த இணைப்பு யார் கைக்குப் போனாலும், எந்த வீட்டில் முதியவர் ஒருவர் தனியாக இருக்கிறார், அந்த வீட்டின் சாவி எங்கே கிடைக்கும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். சில மாதம் வந்துவிட்டு நின்றுபோன தன்னார்வலரின் கைப்பேசியிலும் அது இன்றுவரை திறக்கும்.

"நாங்கள் சிறிய அமைப்பு, எங்களை யார் குறிவைக்கப் போகிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். கடவுச்சொல்லைத் திருடும் போலி மின்னஞ்சல்கள் லட்சக்கணக்கான முகவரிகளுக்குத் தானியங்கியாகப் போகின்றன. பெறுபவர் பெரியவரா சிறியவரா என்று அவை பார்ப்பதில்லை. உங்கள் விஷயத்தில் அந்த அளவுக்குக்கூடப் போக வேண்டியதில்லை. தவறான குழுவில் ஒருமுறை பகிரப்பட்ட இணைப்பே போதும்.

ஆகவே பழைய தன்னார்வலரை இன்றே தொலைபேசியில் அழையுங்கள். பகிர்வு அமைப்பை "இணைப்பு உள்ள எவரும்" என்பதிலிருந்து "குறிப்பிட்டவர்கள் மட்டும்" என்று மாற்றச் சொல்லி, இப்போது பணியில் உள்ளவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். சாவி பற்றிய நெடுவரிசையை அந்த ஷீட்டிலிருந்து முழுமையாக எடுத்துவிடுங்கள். நெடுவரிசையை அழித்தாலும் பழைய பதிப்பு மாற்ற வரலாற்றில் இருக்கும், திருத்தும் உரிமை உள்ளவர் அதைத் திறந்து பார்க்க முடியும் என்பதால், சாவி விவரம் இல்லாத புதிய கோப்பு ஒன்றைத் தொடங்கிப் பழையதைப் பூட்டிவைப்பதே சரி. சாவி விவரம் ஒருங்கிணைப்பாளர் ஒருவரிடமும் அவருக்கு மாற்றாக இன்னொருவரிடமும் தனியாக இருக்கட்டும். காகிதத்தில் எழுதி அலமாரியில் பூட்டி வைத்தாலும் குறைவில்லை. டிஜிட்டலாக்கத் தேவையில்லாத விஷயங்களும் உண்டு. அடுத்த கட்டமாக, தன்னார்வலர் ஒவ்வொருவரும் தாம் பார்க்கும் முதியோரின் விவரத்தை மட்டும் காணும்படி பகுதிவாரியாகக் கோப்புகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் ஒரு காசும் செலவில்லை.

உடல்நலத் தகவலைப் பல நாட்டுச் சட்டங்கள் கூடுதல் பாதுகாப்புக்குரியதாகவே கருதுகின்றன. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறை அதைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது. தன்னைப் பற்றி நீங்கள் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும், தவறு இருந்தால் திருத்தச் சொல்லவும் அந்த முதியவருக்கு உரிமை உண்டு என்பதும் இத்தகைய சட்டங்களில் பொதுவாகக் காணப்படுவது. உங்களுக்குப் பொருந்தும் சட்டத்தை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவரிடம் சொல்லிவிட்டு எழுதிக்கொள்வதும் வேண்டாதவற்றை எழுதாமல் விடுவதும் உங்கள் கடமை.

கணக்கு யார் பெயரில்?

உங்கள் நிர்வாகக் குழுவில் எந்த மென்பொருள் என்று பல வாரமாக விவாதம் நடந்திருக்கிறது. இப்போது இருப்பவை யார் பெயரில் இருக்கின்றன என்று ஒருவரும் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. ஜிமெயில் கணக்கு ஒன்று அதைத் திறந்த தனிநபருக்கும் கூகுள் நிறுவனத்துக்கும் இடையிலான ஏற்பாடு. அதற்குள் உங்கள் 110 பேரின் விவரம் இருக்கிறது என்பதற்காக உங்கள் அமைப்புக்கு அதில் உரிமை வந்துவிடாது. அந்த முன்னாள் தன்னார்வலர் நல்லவர்தான். ஆனால் அவர் கடவுச்சொல்லை மறந்தாலோ, நோய்வாய்ப்பட்டாலோ, அந்தக் கணக்கைப் பயன்படுத்தாமலே விட்டாலோ என்ன ஆகும்? 2 ஆண்டுகள் பயன்பாடற்றுக் கிடக்கும் தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையை கூகுள் 2023-இல் அறிவித்தது. அதற்கு நல்லவர் கெட்டவர் வேறுபாடு கிடையாது.

முதல் செலவாக உங்கள் அமைப்பின் பெயரில் ஒரு டொமைன் பெயரை, அதாவது சொந்த இணைய முகவரியை, வாங்குங்கள். பெரும்பாலும் நீங்கள் கட்டியே ஆக வேண்டிய கட்டணம் இது ஒன்றுதான். ஆண்டுக்கொரு முறை வரும் சிறு தொகை. டொமைனை வாங்கும்போது உரிமையாளர் பெயராக அமைப்பின் பெயரையே பதியுங்கள். இணையதளம் செய்து தருபவர் "நானே வாங்கித் தருகிறேன்" என்று தம் பெயரில் பதிந்துகொள்வதும், பிற்பாடு அவரைத் தேடி அலைவதும் சிறு அமைப்புகளில் சலிக்கும் அளவுக்கு நடக்கிற கதை. பிறகு செயலாளர், பொருளாளர், ஒருங்கிணைப்பாளர் எனப் பொறுப்புகளின் பெயரில் மின்னஞ்சல் முகவரிகளை அமையுங்கள். ஆள் மாறும்போது முகவரி அப்படியே இருக்கும், கடவுச்சொல் மட்டும் மாறும்.

நிர்வாகி உரிமை குறைந்தது 2 பேரிடமாவது இருக்கட்டும். கடவுச்சொல்லோடு கைப்பேசியில் வரும் குறியீடு போன்ற இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இருவரும் இயக்கியிருக்க வேண்டும். கணக்கை மீட்கும் எண் ஒரே ஒருவரின் கைப்பேசியாக இருக்கக் கூடாது. மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு உறையிலிட்டு அலுவலகத்தில் பூட்டி வையுங்கள். கடவுச்சொற்களைக் குறிப்பேட்டிலும் வாட்ஸ்ஆப்பிலும் எழுதி வைப்பதற்குப் பதில் பிட்வார்டன், கீபாஸ் எக்ஸ்சி போன்ற கடவுச்சொல் பெட்டகங்களைப் பயன்படுத்தலாம். இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். பின்னதை இணையம் இல்லாமலும் பயன்படுத்தலாம்.

பழைய ஷீட்டை மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். தனிநபர் ஜிமெயில் கணக்கில் உள்ள கோப்பின் உரிமையை, அமைப்பின் டொமைனில் உள்ள கணக்குக்கு நேரடியாக மாற்றிக் கொடுக்க முடியாது. நகலெடுக்கவோ பதிவிறக்கி மீண்டும் ஏற்றவோதான் வேண்டும். கூகுள் படிவங்கள் இருந்தால், படிவத்தை நகலெடுக்கும்போது அதற்கு வந்த பதில்கள் அதனுடன் சேர்ந்து வருவதில்லை. அவற்றைத் தனியே பதிவிறக்கிக்கொண்ட பிறகே பழையதை மூடுங்கள்.

"இலவசம்" என்று எழுதியிருப்பவை

இலவசமானவற்றில் ஆபத்து இல்லை, பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்வதற்குக் காசு கேட்பதில்லை என்பது மட்டும்தான் அதில் உறுதியானது. இரண்டு ஆண்டுத் தகவலை உள்ளே போட்ட பிறகு விட்டுவிடுவது எளிதல்ல. இலவசமாகக் கிடைப்பவை எல்லாம் ஒரே வகையும் அல்ல.

தனிநபருக்கான இலவசக் கணக்குகள் ஒரு வகை. கூகுளின் 15 ஜிபி இடம் மின்னஞ்சல், கோப்புகள், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். நிகழ்ச்சிப் படங்கள் அதை நிரப்பியதும் மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். ஒருநாளில் சுமார் 500 பேருக்கு மேல் மின்னஞ்சல் அனுப்பவும் அதில் முடியாது. 600 நன்கொடையாளருக்கு ஒரே நாளில் மடல் அனுப்ப முயன்றபோது உங்கள் கணக்கு பாதியில் நின்றதற்கு அநேகமாக இதுவே காரணம்.

தொண்டு அமைப்புகளுக்கென நிறுவனங்கள் தரும் சலுகை இன்னொரு வகை. உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியதும் இதுவே. கூகுளின் தொண்டு அமைப்புத் திட்டத்தில், சொந்த டொமைனில் மின்னஞ்சலும் பகிர்ந்த சேமிப்பிடமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மைக்ரோசாஃப்ட்டிலும் அத்தகைய திட்டம் உண்டு. சுவரொட்டி, அழைப்பிதழ் போன்றவற்றை வடிவமைக்க உதவும் கேன்வா, தகுதி பெற்ற அமைப்புகளுக்குத் தன் கட்டணப் பதிப்பை இலவசமாகத் தருகிறது. 1987-இல் அமெரிக்காவில் தொடங்கிய டெக்சூப், பல நாடுகளில் கூட்டாளிகளை வைத்துக்கொண்டு, தொண்டு அமைப்புகளின் தகுதியைச் சரிபார்த்துப் பல நிறுவனங்களின் மென்பொருள்களைக் குறைந்த கட்டணத்தில் பெற்றுத் தருகிறது.

ஆனால் தொண்டு அமைப்பு என்று சொன்னாலே எல்லாம் கிடைத்துவிடும் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். முறையான பதிவுச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கூகுளின் விதிகளின்படி அரசு அமைப்புகள், பள்ளிகள், மருத்துவமனைகள் இந்தத் திட்டத்தில் சேர முடியாது. நீங்கள் மருத்துவமனை நடத்தவில்லை. ஆயினும் விண்ணப்பத்தில் "மருத்துவ சேவை" என்று பெருமையாக எழுதிவிட்டால் அந்தக் கேள்வி எழும். வீட்டுக்குச் சென்று முதியோரைக் கவனிக்கும் தன்னார்வப் பணி என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

சலுகை தந்தவர் அதைத் திரும்பப் பெறவும் முடியும். மைக்ரோசாஃப்ட், தொண்டு அமைப்புகளுக்கு 10 பயனர்வரை இலவசமாகத் தந்துவந்த பிசினஸ் பிரீமியம் தொகுப்பை, 2025 ஜூலை 1-க்குப் பின் வரும் புதுப்பிப்புகளில் நிறுத்துவதாக அறிவித்தது. இணையவழியாகப் பயன்படுத்தும் எளிய தொகுப்பு 300 பயனர்வரை இலவசமாகத் தொடர்ந்தது. கணினியில் நிறுவும் வேர்டும் எக்செல்லும் வேண்டியவர்கள் தள்ளுபடி விலையில் வாங்க வேண்டியதாயிற்று. கூகுள் போட்டோஸ் அளவற்ற இலவசச் சேமிப்பை 2021 ஜூன் 1-இல் முடித்துக்கொண்டது. இதனால் சலுகைகளை ஒதுக்கச் சொல்லவில்லை. இன்றைய சலுகை விலையைப் பார்க்கும்போதே, அது நின்றுபோனால் முழு விலை என்ன, அப்போது நம்மால் கட்ட முடியுமா என்பதையும் பார்த்து வையுங்கள் என்கிறேன்.

கட்டற்ற மென்பொருள் மூன்றாவது வகை. லிப்ரே ஆபிஸ் போன்றவற்றை எத்தனை கணினியிலும் நிறுவலாம், ஒருவரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். அலுவலகக் கணினிகளில் உரிமம் இல்லாத ஆபிஸ் தொகுப்பு இருப்பதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு லிப்ரே ஆபிஸை நிறுவுங்கள். திருட்டு நகல்களோடு வைரஸும் சேர்ந்து வருவது ஒருபுறம் இருக்க, நன்கொடை வாங்கும் அமைப்பு ஒன்றின் பெயருக்கு அது அழகல்ல.

மூன்று யோசனைகள்

தலைவர் சொல்லும் கட்டண மென்பொருளில் குறையில்லை. உங்கள் தேவைக்கு அது பெரிது. காசு கொடுத்தால் பாதுகாப்பு வந்துவிடும் என்பதுதான் தவறு. தொண்டு அமைப்புகளுக்கென்றே மென்பொருள் விற்கும் பெரிய நிறுவனமான பிளாக்பாட், 2020-இல் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, ஆயிரக்கணக்கான அமைப்புகளின் நன்கொடையாளர் விவரங்கள் வெளியே போயின. அந்த அமைப்புகள் எல்லாம் கட்டணம் கட்டியவைதான். உரிமம் இலவசமாகக் கிடைத்தாலும் செலவு தீராது. தொடர்பாளர் விவரங்களை நிர்வகிக்கும் மென்பொருளை விற்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் தகுதி பெற்ற அமைப்புகளுக்கு 10 உரிமங்களை இலவசமாகத் தருகிறது. ஆனால் அதைத் தேவைக்கேற்ப அமைத்து, தொடர்ந்து பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் அந்தப் பத்தும் பயன்படாமலே கிடக்கும். நிர்வாகக் குழுக்கள் தயாரிக்கும் ஒப்பீட்டு அட்டவணைகளில் விலை, வசதி, சேமிப்பிடம் என்று எத்தனையோ வரிசைகள் இருக்கும். "வாரந்தோறும் இதில் தகவலை உள்ளிடப்போவது யார்" என்ற வரிசை மட்டும் இருக்காது. உங்களிடம் உள்ள மூன்று ஊழியரில் அது யார், அவருடைய எந்த வேலையைக் குறைத்து இந்த நேரத்தைக் கொடுப்பீர்கள் என்று தலைவரிடம் கேளுங்கள்.

சொந்த சர்வர் என்று சொல்லும் உறுப்பினரின் கொள்கையை நான் மதிக்கிறேன். தொண்டு அமைப்புகளுக்கென 2005 முதல் வளர்ந்துவரும் சிவிசிஆர்எம் உண்மையிலேயே நல்ல கட்டற்ற மென்பொருள். நன்கொடையாளர், உறுப்பினர், நிகழ்ச்சி எல்லாவற்றையும் அதில் கையாளலாம். உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் சர்வருக்குக் கட்டணம் உண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போதெல்லாம் உடனுக்குடன் நிறுவ வேண்டும். காப்பு நகல் எடுக்க வேண்டும். எடுத்த நகலிலிருந்து மீட்க முடிகிறதா என்று சோதிக்கவும் வேண்டும். இதைப் பல ஆண்டுகள் செய்யப்போவது யார் என்பதற்கு ஒரே ஒரு பெயர்தான் பதில் என்றால், வேண்டாம். இரண்டு பெயர் வந்தாலும் யோசியுங்கள். பிற்காலத்தில் இதே மென்பொருளை, சர்வரைத் தாமே பராமரித்துத் தரும் சேவையாளரிடம் மாதக் கட்டணத்தில் பெறும் வழியும் இருக்கிறது என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

இளைஞரின் செயலிதான் மூன்றிலும் அதிக ஆபத்துள்ளது. அவர் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எழுதி முடித்த நாளில் செயலியின் வேலை முடிவதில்லை. கைப்பேசி இயங்குதளம் மாறும், யாராவது கடவுச்சொல்லை மறப்பார்கள், உடல்நலத் தகவல் உள்ள தரவுத்தளத்தில் ஓட்டை இருப்பதாகத் தெரியவரும். அந்த நாளில் அவர் புதிய வேலையில், வேறு நேர மண்டலத்தில் இருப்பார். ஒரு கூகுள் ஷீட்டை உருவாக்கியவர் விலகியதற்கே இவ்வளவு திண்டாடுகிறீர்கள். ஷீட்டையாவது வேறு ஒருவர் திறந்து புரிந்துகொள்ளலாம். அவர் எழுதிய நிரலை யார் திறப்பது?

600 பேருக்கு எக்செல் போதும்

எக்செல் போன்ற விரிதாளை ஏதோ பிற்பட்ட ஏற்பாடு போல எழுதியிருக்கிறீர்கள். 600 நன்கொடையாளருக்கு அது தாராளமாகப் போதும். 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் கொரோனா தொற்று உறுதியான 15,841 பேரின் விவரம் கணக்கில் சேராமல் போனதே, அதற்குக் காரணம் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காத பழைய எக்செல் கோப்பு வகையைப் பயன்படுத்தியதுதான். உங்களுக்கு அந்த எல்லை நெடுந்தொலைவில் இருக்கிறது. உங்கள் சிக்கல் வேறு: பொருளாளரின் மடிக்கணினியில் ஒன்று, உங்களுக்கு மின்னஞ்சலில் வந்த நகல் ஒன்று, ரசீது போடுபவரிடம் இன்னொன்று என மூன்று பட்டியல்கள் மூன்று விதமாக இருக்கின்றன.

கோப்பு ஒன்றே ஒன்று, அமைப்பின் கணக்கில் இருக்கட்டும். ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் மாறாத எண் ஒன்று கொடுங்கள். பெயரும் முகவரியும் ஒரு தாளில், நன்கொடைகள் தேதிவாரியாக இன்னொரு தாளில் இருக்க வேண்டும். ஒருவர் ஐந்து முறை கொடுத்தால் அவர் எண்ணோடு ஐந்து வரிசைகள் வரும், ஐந்து நெடுவரிசைகள் அல்ல. கைப்பேசி எண்களை எழுத்தாகச் சேமியுங்கள், இல்லாவிட்டால் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போகும். பாமினியில் உள்ள பெயர்களை எதற்கும் முன்னதாக யூனிகோடுக்கு மாற்றுங்கள். எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பட்டியல் முழுவதையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள், யூனிகோடில் உள்ள பாதி சிதைந்துவிடும். பிரித்து மாற்றி, பெயர்களை ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். தம் பெயர் பிழையாக அச்சிட்ட ரசீதை நன்கொடையாளர் மறப்பதில்லை.

கணக்கு எழுதுவதை இந்தப் பட்டியலோடு சேர்க்காதீர்கள். குனுகேஷ் போன்ற இரட்டைப் பதிவுக் கணக்கு மென்பொருள் இலவசமாக உண்டு. எதைத் தேர்ந்தாலும் உங்கள் தணிக்கையாளரிடம் கேட்டுவிட்டுத் தேருங்கள், ஏனெனில் ஆண்டு முடிவில் அதை வாசிக்கப்போவது அவர்.

ஒரே நன்கொடையாளருக்கு இரண்டு பேர் தனித்தனியே நன்றி மடல் அனுப்பும் குழப்பம் அடிக்கடி நேர்ந்தாலோ, நினைவூட்டல்களைக் கையால் தேடி எடுக்க ஊழியர் ஒருவரின் பாதி வாரம் போனாலோ, அப்போது மேலாண்மை மென்பொருள் வாங்குவதைப் பேசலாம். வாங்கும்முன் ஒரு சோதனை செய்யுங்கள். தமிழ்ப் பெயர்கள் உள்ள 10 பதிவுகளை அதில் உள்ளிட்டு, அவற்றை எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய அட்டவணை வடிவமான சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுத்துப் பாருங்கள். நேரடியாக எக்செல்லில் திறந்தால் எழுத்துகள் குழம்பித் தெரியலாம். இறக்குமதி செய்யும்போது யூனிகோடு எழுத்துகளுக்கான யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தால் சரியாகிவிடும். அப்போதும் பெயரோ, நன்கொடை வரலாறோ, குறிப்புகளோ வெளியே வரவில்லை என்றால், விற்பனையாளர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அதை வாங்காதீர்கள்.

வாட்ஸ்ஆப்பை விடவா வேண்டும்?

வேண்டியதில்லை. நாற்பது தன்னார்வலர் ஏற்கெனவே பழகிய ஒன்றை விட்டுப் புதிதாக ஒன்றைத் திணித்தால், ஒரே மாதத்தில் அவர்கள் பழைய குழுவுக்கே திரும்பிவிடுவார்கள். எதைப் பேசலாம் என்பதற்கு மட்டும் வரம்பு வையுங்கள். வருகை நேரமும் மாற்று ஆளும் குழுவில் இருக்கலாம். முதியவரின் பெயரோடு நோய், மருந்து, படம் எதுவும் வேண்டாம். குழுவில் எல்லோரும் எல்லோருடைய எண்ணையும் பார்க்க முடியும் என்பதால், நன்கொடையாளரை ஒருபோதும் குழுவாகச் சேர்க்காதீர்கள். விலகியவரை அன்றே நீக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

பொதுக்கூட்டமும் அந்த இளைஞரும்

பொதுக்கூட்டத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தைக் கைவிடுங்கள். அதற்கு முன்பாக டொமைன், மின்னஞ்சல், முதியோர் பட்டியலின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் முடிந்தால் போதும். அமைப்பின் கணக்குகள் எவை, ஒவ்வொன்றின் நிர்வாகிகள் எந்தப் பொறுப்பில் உள்ளவர்கள், புதுப்பிக்க வேண்டிய தேதி எது என்று ஒரு பக்கப் பட்டியல் தயாரித்து, அதைக் கூட்டக் குறிப்பில் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். நன்கொடையாளர் பட்டியலை அடுத்த காலாண்டில் தொடங்கலாம்.

இளைஞரிடம், செயலியைப் பராமரிக்க எங்களிடம் ஆள் இல்லை என்ற உண்மையையே சொல்லுங்கள். பொறியாளருக்கு அது உடனே புரியும். அதோடு, அவரால் மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் இங்கே காத்திருப்பதையும் சொல்லுங்கள். பாமினிப் பட்டியலைப் பிழையின்றி யூனிகோடுக்கு மாற்றுவது, சொந்த டொமைனிலிருந்து போகும் மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குள் விழாதபடி, அது உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை டொமைனில் அமைப்பது, மாதமொரு முறை காப்பு நகல் எடுத்து அதைத் திறந்து பார்ப்பது. மின்னஞ்சல் அனுப்புவோருக்கான நிபந்தனைகளை 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இறுக்கியிருப்பதால், இரண்டாவது வேலை உங்கள் 600 மடல்களுக்கும் தேவைப்படும். செய்ததை எல்லாம், அவர் இல்லாத நாளில் நீங்களே படித்துச் செய்யும்படி எளிய தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். அதைப் பின்பற்றி ஒருமுறை அவர் முன்னிலையில் நீங்களே காப்பு நகல் எடுத்துப் பாருங்கள்.